வாயில்லா ஜீவனுக்கு எதற்குத் தனி ஆராய்ச்சி?

கேள்வி இது: “மனிதர்களுக்குக் கண்டுபிடித்த மருந்தைத்தானே அளவை மாற்றி மாட்டுக்கும் நாய்க்கும் கொடுக்கிறார்கள்? கால்நடைகளுக்கென்று தனியாக ஆராய்ச்சி எதற்கு? அதனால் ஒரு பசுவுக்கோ பூனைக்கோ உருப்படியாக என்ன கிடைத்திருக்கிறது?”

கால்நடை மருத்துவம் படித்து, பல வருடங்கள் தொழுவத்திலும் சிகிச்சை மேசை பக்கத்திலும் நின்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும். ஒரு பசுவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கன்று ஈன்று ஒரு நாள்கூட ஆகவில்லை. நல்ல கறவை, மூன்றாவது நான்காவது ஈற்று. காலையில் பார்த்தால் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது. கழுத்தை வளைத்துத் தலையை விலாவின் மேல் சாய்த்திருக்கும். காதைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். மூக்கு உலர்ந்திருக்கும், அசை போடாது, சாணம் போடாது. அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் மயங்கி, செத்தும் போகும். இதற்குப் பால் சுரம் என்று பெயர். பெயரில்தான் சுரம் இருக்கிறது, உடம்பு சுடாது, குளிர்ந்துதான் போயிருக்கும்.

கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி, கால்சியம் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். ஒரு கை பாட்டிலைப் பிடித்திருக்கும், இன்னொரு கை ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்திருக்கும். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடும் என்பதால் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும். பாதி பாட்டில் போவதற்குள் தசைகள் நடுங்க ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு ஏப்பம். மூக்கில் வியர்வை முத்து முத்தாக அரும்பும். சாணம் போடும். சற்று நேரத்தில் பின்னங்காலை ஊன்றி எழுந்து, எதுவுமே நடக்காததுபோல் கன்றைத் தேடும். நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் மனசு நிறைந்துபோகிறது.

இந்த ஒரு பாட்டில் கால்சியத்துக்குப் பின்னால் முழுசாக நூறு வருட ஆராய்ச்சி இருக்கிறது. அதில் பெரும்பகுதி மாடுகளை வைத்தே நடந்தது.

1897ல் டென்மார்க்கில் ஷ்மிட் என்ற கால்நடை மருத்துவர், மடியில் ஏதோ நஞ்சு உருவாகிறது என்று நினைத்தார். அதை முறிக்க மடிக்குள் அயோடைடு கரைசலைச் செலுத்தினார். அதுவரை கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த மாடுகள் பிழைத்தன. பிறகு வெறும் காற்றை அடித்து மடியை உப்ப வைத்தாலே போதும் என்று தெரிந்தது. சிகிச்சை பலித்தது, ஆனால் அவர் நினைத்த காரணம் தப்பு. மடிக்குள் அழுத்தம் கூடியதால் பால் சுரப்பது நின்றது. பாலோடு கால்சியம் இறங்குவதும் நின்றது. அதுதான் உண்மையில் நடந்தது. ரத்தத்தில் கால்சியம் குறைவதுதான் நோய் என்று ஸ்காட்லாந்தில் ட்ரையர், கிரெய்க் என்ற இருவர் 1925ல் எடுத்துச் சொன்ன பிறகுதான் அது விளங்கியது.

கணக்கைப் பாருங்கள். ஒரு பசுவின் ரத்த நீரில் ஒரு நேரத்தில் இருக்கிற மொத்தக் கால்சியமே சுமார் 3 கிராம். பத்து லிட்டர் சீம்பால் கறந்தால் அதோடு 20 கிராமுக்கு மேல் கால்சியம் வெளியே போய்விடுகிறது. எலும்பிலிருந்து அவசரமாக எடுத்து ஈடுகட்ட வேண்டும். அந்த ஏற்பாடு ஓரிரு நாள் தாமதித்தால் மாடு விழுந்துவிடும். அப்படியானால் சினைக் காலத்தில் நிறையக் கால்சியம் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதானே தோன்றும்? அதுவும் இல்லை. நார்வேயில் எண்டர், டிஷிங்டன் ஆகியோர் கவனித்தது வேறு: அமிலம் சேர்த்துப் பதப்படுத்திய தீவனம் தின்ற மாடுகளுக்குப் பால் சுரம் வருவதில்லை. பொட்டாசியம் மிகுந்த தீவனம் ரத்தத்தைக் காரமாக்குகிறது. அந்த நிலையில், எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கச் சொல்லும் ஹார்மோனின் பேச்சை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. ஈனுவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் தீவனத்தின் உப்புச் சமநிலையை மாற்றினால் பசு விழாமலே பார்த்துக்கொள்ளலாம். இன்று நல்ல பண்ணைகளில் நடப்பது அதுதான். விழுந்த மாட்டை எழுப்புவதிலிருந்து விழாமல் காப்பதற்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

இனி “அளவை மாற்றி” என்ற விஷயத்துக்கு வருகிறேன். இந்த நினைப்பால் செத்த பூனைகள் ஏராளம். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். எடைக்கு ஏற்பக் குறைத்துக் கொடுத்தாலும் அது ஆபத்துதான். நம் கல்லீரல் அந்த மருந்தோடு ஒரு சர்க்கரைப் பொருளை ஒட்டவைத்து வெளியேற்றுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதி பூனைக்கு மிகவும் குறைவு. மருந்து நஞ்சாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சுத் திணறும். பூனை என்பது சின்ன நாய் இல்லை, நாய் என்பது சின்ன மனிதனும் இல்லை.

ஒரே இனத்துக்குள்ளேயே கூட இப்படி வேறுபாடு உண்டு. ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து மற்ற நாய்கள் தாங்கும் அளவில் கோலி இன நாய்களில் பலவற்றுக்குத் தள்ளாட்டத்தையும் மயக்கத்தையும் கொண்டுவரும், உயிரையும் எடுக்கும். ஏன் என்று 2001ல்தான் தெரிந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேத்ரினா மீலியும் கூட்டாளிகளும், அந்த நாய்களின் ஒரு மரபணுவில் நான்கே நான்கு எழுத்து விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். மூளைக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ளும் புரதம் அந்த மரபணுவிலிருந்து உருவாக வேண்டியது. அது இல்லாததால் காவல் இல்லாத வாசல்போல் மருந்து உள்ளே போய்விடுகிறது. இன்று ஒரு சொட்டு ரத்தத்திலோ கன்னத்தின் உட்புறம் துடைத்தெடுத்த பஞ்சிலோ சோதித்து முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். புற்றுநோய் மருந்துகள் சிலவற்றின் அளவைக்கூட இந்தச் சோதனையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறோம்.

பூனையைப் பற்றி இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். 1980களில் இதயத் தசை தளர்ந்து பெருத்துப்போகும் நோயால் பூனைகள் நிறையச் செத்தன. தீர்வே இல்லை என்று எல்லோரும் கைவிட்டிருந்த நோய் அது. கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியோன் என்பவரும் குழுவினரும் 1987ல் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பூனைகளின் ரத்தத்தில் டாரின் என்ற சத்து மிகக் குறைவாக இருந்ததைக் காட்டியது. டாரினைக் கொடுத்ததும் இதயம் திரும்பவும் இறுகிச் சுருங்க ஆரம்பித்தது. தளர்ந்த இதயத் தசை மீள்வது அப்போதெல்லாம் யாரும் எதிர்பார்க்காத காரியம். வயிற்றில் அடிக்கிற உண்மை ஒன்றும் அதோடு வெளிவந்தது: அந்தப் பூனைகள் தின்றது தரமான, கடையில் வாங்கிய உணவு. அப்போதைய பரிந்துரைப்படி அதில் டாரின் இருந்தது. ஆனால் உணவைப் பதப்படுத்தும் விதத்தால் அது உடம்பில் சேரவில்லை. நாய்க்கு டாரினை உடம்பே தயாரித்துக்கொள்ளும். பூனைக்குப் போதிய அளவு தயாரிக்கத் தெரியாது, இரையிலிருந்துதான் வரவேண்டும். பூனை உணவுகளில் டாரின் அளவைக் கூட்டினார்கள். அந்த நோய் கிட்டத்தட்டக் காணாமலே போனது. இன்று வீட்டில் பூனை வளர்க்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு ஆபத்து இருந்ததே தெரியாது.

எதிர்த் திசையிலும் பாருங்கள், மாட்டிலிருந்து மனிதனுக்கு வந்தது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. கொம்பு அறுக்க, காயடிக்க என்று சிறு கத்திக் காயம் பட்டாலும் ரத்தம் நிற்காது. ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு என்ற கால்நடை நோய்க்குறியியல் அறிஞர் தீவனத்தைச் சந்தேகித்தார். ஸ்வீட் குளோவர் என்ற தீவனப் பயிர் அது. வைக்கோல் போரிலிருந்து பூசணம் பிடித்த தண்டையும் நல்ல தண்டையும் தனித்தனியே பிரித்து முயல்களுக்குக் கொடுத்தார். நல்ல தண்டைத் தின்ற முயலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூசணம் பிடித்ததைத் தின்றது ரத்தம் கசிந்து செத்தது. இவ்வளவு எளிய சோதனை! கண்ணும் பொறுமையும் தவிர வேறு கருவியே வேண்டியிருக்கவில்லை. பின்னால் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்கின் ஆய்வுக்கூடம் அந்த நஞ்சைப் பளிங்காகப் பிரித்தெடுத்தது. அதன் வழி வந்ததுதான் வார்ஃபரின். 1948ல் எலி மருந்தாக வந்தது, 1950களில் மனிதர்களுக்கு ரத்தக்கட்டியைத் தடுக்கும் மருந்தானது. இதய வால்வு மாற்றிக்கொண்ட எத்தனையோ பேர் இன்றும் அதைச் சாப்பிடுகிறார்கள்.

சரி, ஆராய்ச்சியில் உண்மையிலேயே கடினம் எது என்று கேட்டால், மருந்து கண்டுபிடிப்பதைச் சொல்ல மாட்டேன். நோயாளி வாய் திறந்து சொல்லாது. சொல்லாதது மட்டும் இல்லை, மறைக்கவும் செய்யும். பலவீனத்தைக் காட்டினால் வேட்டை மிருகத்துக்கு இரையாவோம் என்று ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பழகிவந்த உடம்பு அது. மந்தையில் நிற்கும் ஆடு வலியோடும் மேய்ந்துகொண்டேதான் இருக்கும். பூனை ஒரு மூலையைத் தேடிப்போய்ச் சுருண்டுகொள்ளும். “தூங்குகிறது” என்று நாம் விட்டுவிடுவோம்.

இந்த மறைப்பை விலக்கிப் பார்க்க வழி தேடுவதுதான் இந்தத் துறையின் பெரும்பங்கு வேலை. மடிநோயை எடுத்துக்கொள்ளுங்கள். மடி வீங்கி, பால் திரிந்து வந்தால் யாருக்கும் தெரியும். ஆனால் மறைந்திருக்கும் மடிநோயில் பால் பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும், மடியும் மெத்தென்று இருக்கும். உள்ளே கிருமி இருந்து, பால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கலிஃபோர்னியாவில் 1957ல் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். நான்கு குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு காம்பிலிருந்தும் இரண்டு பீச்சு பால், அதே அளவு ஒரு சோப்புக் கரைசல். தட்டை மெதுவாகச் சுழற்ற வேண்டும். மூன்று குழியில் பால் தண்ணீராகச் சுழலும். நான்காவதில் கஞ்சி இறுகுவதுபோல் கொழகொழவென்று திரளும், சுழற்றும்போது நடுவில் குவிந்து மேலெழும். கிருமியோடு போராட வந்த வெள்ளணுக்களைச் சோப்பு உடைக்கிறது. அவற்றுக்குள்ளிருந்து வெளிவரும் டி.என்.ஏ. தான் அப்படிக் கொழகொழப்பாகிறது. பத்து விநாடிதான். எந்தக் காம்பு என்று பசு சொல்லாததைத் தட்டு சொல்லிவிடும். ஒரு மில்லிலிட்டர் பாலில் 2 லட்சம் அணுக்களுக்கு மேல் இருந்தால் அந்த மடியில் தொற்று இருக்கலாம் என்று இன்று கணக்கு வைத்திருக்கிறோம்.

வலியைப் படிப்பதற்கும் இப்போது அளவுகோல் வந்துவிட்டது. கனடாவில் மான்ட்ரியல் பல்கலைக்கழகக் குழு 2019ல் பூனையின் முகத்துக்கு ஒன்றை வெளியிட்டது. காதுகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன, கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, வாயைச் சுற்றி எவ்வளவு இறுக்கம், மீசை தளர்ந்திருக்கிறதா விறைத்திருக்கிறதா, தலை தோளுக்கு மேலா கீழா. இந்த ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண். செம்மறிக்கு, குதிரைக்கு என்று வேறு அளவுகோல்கள் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்த பூனைக்கு இன்னொரு முறை வலிமருந்து வேண்டுமா என்று முன்பெல்லாம் ஊகித்துத்தான் முடிவெடுத்தோம். எத்தனை பூனைகள் அந்த ஊகத்தால் வலியோடு கிடந்தனவோ என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பக்கத்தில் இருப்பவரின் கண்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஆனால் அந்தக் கண் ஏமாறவும் செய்யும், அதுவும் அன்பு கூடக் கூட. மூட்டு வாதம் உள்ள நாய்களை வைத்து நடந்த ஆய்வுகளில், ஒரு பிரிவுக்கு மருந்து, இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்தார்கள். எந்த நாய்க்கு எது என்று யாருக்கும் தெரியாது. போலி மாத்திரை தின்ற நாய்களின் சொந்தக்காரர்களிலும் பலர் “இப்போது நன்றாக நடக்கிறது” என்றார்கள். பரிசோதித்த மருத்துவர்களில் சிலரும் அப்படியே சொன்னார்கள். காலை ஊன்றும்போது எவ்வளவு பாரம் விழுகிறது என்று அளக்கும் தட்டின் மேல் நடக்கவிட்டபோதோ மாற்றமே இல்லை. நாம் குணமாக வேண்டும் என்று ஆசைப்படுகிறோம், அந்த ஆசை நம் கண்ணுக்குள் புகுந்துவிடுகிறது. “என் நாய்க்கு இந்தப் பொடி கொடுத்தேன், பத்தே நாளில் ஓடுகிறது” என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்வதாக நான் நினைப்பதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து தராத இன்னொரு கூட்டம் இருந்ததா என்று மட்டும் கேட்பேன்.

ஒப்பிட்டுப் பார்த்ததில் கிடைத்த நல்ல விளைச்சலுக்கு ஒரு உதாரணம். வயதான சின்ன இன நாய்களுக்கு இதய வால்வு தடித்துக் கசிவது மிகவும் சாதாரணம். மூச்சிரைப்பு வந்த பிறகு பிமோபென்டான் என்ற மருந்து உதவும் என்று தெரியும். இதயம் பெருத்திருக்கிறது, ஆனால் நாய் இன்னும் துள்ளிக்கொண்டிருக்கிறது என்ற கட்டத்தில் ஆரம்பித்தால்? பல நாடுகளில், வீட்டில் வளர்கிற 360 நாய்களைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். 2016ல் முடிவு வந்தது: மருந்து தின்ற நாய்களுக்கு இதயம் செயலிழப்பது சராசரியாகச் சுமார் 15 மாதம் தள்ளிப்போனது. நாயின் ஆயுளில் அது எவ்வளவு பெரிய காலம்! இடையில் கணக்குப் பார்த்தபோதே பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைச் சீக்கிரமே நிறுத்தினார்கள். அதே ஆய்வுக்கு எல்லையும் உண்டு. இதயம் பெருக்காமல் வெறும் முணுமுணுப்புச் சத்தம் மட்டும் இருக்கும் நாய்களை அதில் சேர்க்கவில்லை; அதனால் அவற்றுக்கு இதைக் காட்டி மருந்து எழுதக் கூடாது.

கூட்டமாக வாழும் பண்ணை விலங்குகளிடம் வரும்போது அளவு மாறுகிறது, ஒரு உயிர் என்பது ஒரு மந்தையாகிறது. இந்தத் துறை எதைச் சாதித்தது என்று ஒரே வரியில் சொல்லச் சொன்னால் மாட்டு வெக்கை நோயைத்தான் சொல்வேன். பெரியம்மைக்கு அடுத்து உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் அது, விலங்கு நோய்களில் அது ஒன்றுதான். பிரான்சில் லியோன் நகரில் 1761ல் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கியதற்கே அந்த நோய்தான் முக்கியக் காரணம். 1880களின் கடைசியில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, பல பகுதிகளில் பத்தில் எட்டு ஒன்பது மாடுகளை அள்ளிக்கொண்டு போனது. உழவு நின்றது, பஞ்சம் வந்தது, மனிதர்களும் மடிந்தார்கள்.

கென்யாவில் வால்டர் பிளவ்ரைட் என்ற கால்நடை விஞ்ஞானி, கன்றின் சிறுநீரகச் செல்களில் அந்த வைரஸைத் திரும்பத் திரும்ப, சுமார் 90 முறை வளர்த்து, நோய் கொடுக்காமல் எதிர்ப்பு மட்டும் கொடுக்கும் தடுப்பூசி ஆக்கினார். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் காக்கும். 1960களிலும் 70களிலும் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் பெரிய இயக்கமாகப் போட்டார்கள், நோய் ஏறக்குறைய மறைந்தது. அதோடு கவனம் தளர்ந்தது, பணமும் நின்றது. ஒளிந்திருந்த சில இடங்களிலிருந்து 1980களில் திரும்பப் பாய்ந்து வந்து முன்னைப்போலவே கொன்றது. எனக்கு மாணவப் பருவத்தில் மனசில் ஆழமாகத் தைத்த பாடம் அது.

அடுத்த சிக்கல் வெயில். தடுப்பூசியைப் பனிக்கட்டியிலேயே வைத்துக் கொண்டுபோக வேண்டும். சாலையும் மின்சாரமும் இல்லாத மேய்ச்சல் நிலங்களில் அது எப்படி நடக்கும்? ஜெஃப்ரி மரினரும் கூட்டாளிகளும் உறையவைத்து உலர்த்தும் முறையை மாற்றி, குளிர்பெட்டி இல்லாமலே ஒரு மாதம்வரை தாங்கும் தடுப்பூசியை 1990 வாக்கில் உருவாக்கினார்கள். அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டு நடந்துபோய் ஊசி போட மேய்ப்பர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். கடைசிக் கட்டத்தில் வைரஸ் லேசான நோயாக உருமாறி ஒளிந்திருந்தது. எங்கே என்று கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் மேய்ப்பர்களோடு உட்கார்ந்து கேட்டார்கள்: எந்த வருடம், எந்த மாடு, கண்ணில் நீர் வடிந்ததா, வாயில் புண் இருந்ததா? தலைமுறை தலைமுறையாக மாட்டோடு வாழ்ந்தவர்கள் ஒவ்வொரு நோய்க்கும் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் காட்டிய வழியில் போய்ச் சளியும் ரத்தமும் எடுத்துப் பரிசோதித்தார்கள். கடைசியாக நோய் கண்டது 2001ல். 2011ல் ஒழிந்தது என்று உலகத்துக்கே அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த அன்று நாள் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

நல்லதை மட்டும் சொன்னால் பதில் நேர்மையாக இருக்காது. நாங்கள் பிழையும் செய்திருக்கிறோம். தெற்காசியாவில் கால்நடைகளுக்கு வலிமருந்தாக டைக்ளோஃபினாக் பரவலாகப் போடப்பட்டது. அந்த மருந்தோடு செத்த மாட்டைத் தின்ற கழுகுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், சிறுநீரகம் கெட்டுச் செத்தன. 1990களிலிருந்து சில இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்தன. காரணம் இந்த மருந்துதான் என்று 2004ல் நிரூபணமானது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் 2006ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தன. அதே வேலையைச் செய்யும், கழுகுக்குத் தீங்கு இல்லாத மெலாக்சிகாம் இருப்பதையும் ஆராய்ச்சிதான் காட்டியது. பறவைக்குப் பாதுகாப்பானதா என்ற கேள்வியை மருந்து சந்தைக்கு வரும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

ஆண்டிபயாடிக் விஷயமும் அப்படித்தான். கோழியும் பன்றியும் சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்தில் கலந்தார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகக் கலப்பதை 2006லும், நோயே இல்லாமல் வழக்கமாகக் கொடுப்பதை 2022லும் நிறுத்தியது. பால் வற்றும் காலத்தில் எல்லா மாட்டுக்கும் மடியில் மருந்து ஏற்றிய பண்ணைகள், மேலே சொன்ன சோதனைகளைச் செய்து தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் ஏற்றக் கற்றுக்கொண்டன. மற்ற மாடுகளின் மடி அதனால் கெட்டுப்போகவில்லை.

கடைசியாக, என் கண்ணெதிரிலேயே மாறிய ஒரு நோய். பூனைகளுக்கு வரும் கொரோனா வைரஸ் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடும். சில குட்டிகளில் மட்டும் உடம்புக்குள்ளேயே உருமாறி, வயிற்று உறையைத் தாக்கும். வயிறு நீர் கோத்து உப்பும், காய்ச்சல் இறங்காது, உடம்பு உருகும். எஃப்.ஐ.பி. (பூனைகளின் தொற்று வயிற்று உறை அழற்சி) என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்னாலே முடிவு தெரிந்த நோய். சொந்தக்காரர்களிடம் அதைச் சொல்லும் வேலையை வருடக்கணக்காகச் செய்திருக்கிறேன், மேசையில் குட்டி என் விரலை முகர்ந்துகொண்டிருக்கும்போதே. அந்த நோயை 1960களிலிருந்து விடாமல் ஆராய்ந்த நீல்ஸ் பெடர்சன், 2019ல் டேவிஸில் ஜி.எஸ். 441524 என்ற மருந்தை, நோய் தானாக வந்த 31 பூனைகளுக்குக் கொடுத்த ஆய்வை வெளியிட்டார். ஐந்து பூனைகள் ஆரம்பத்திலேயே போய்விட்டன. மீதி 26 பூனைகள் குறைந்தது பன்னிரண்டு வாரச் சிகிச்சையை முடித்தன, அவற்றில் 25 நீண்ட காலம் பிழைத்திருந்தன. கோவிட் காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர் இதன் நெருங்கிய உறவு. இன்று பல நாடுகளில் இந்தச் சிகிச்சையை முறையாகவே கொடுக்கிறார்கள். “மனிதர்களுக்குக் கண்டுபிடித்ததை” என்று கேள்வியில் இருந்ததே, இங்கே பூனையின் உடம்பில் பலித்த செய்தி முதலில் வந்தது, பெருந்தொற்று அடுத்த வருடம்தான் வந்தது.

உருப்படியாக என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு இவ்வளவும் பதில். வீட்டில் விலங்கு வளர்க்கிறவர் இதில் என்ன செய்யலாம் என்றும் அடுத்து யாராவது கேட்பார்கள். இதய நோய் உள்ள நாயை வைத்திருப்பவர்களுக்கு நான் ஒரு சின்ன வேலை கொடுப்பேன். இரவு நாய் அயர்ந்து தூங்கிய பிறகு பக்கத்தில் உட்காருங்கள். கனவில் கால் உதறிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்கி, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். தூக்கத்தில் நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருப்பது இயல்பு. இருபதிலேயே நின்ற எண் இரண்டு மூன்று இரவாக ஏறிக்கொண்டே போனால், நாய் பார்க்க எப்படி இருந்தாலும், நுரையீரலில் நீர் சேர ஆரம்பித்திருக்கலாம். இருமலுக்காகவோ இரைப்புக்காகவோ காத்திருக்காமல் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் கிளம்புங்கள்.